லாப நோக்கு மருத்துவக் கல்லூரி: டெபாசிட் கட்டும் முன் போட வேண்டிய கடன் கணக்கு

அமெரிக்காவில் எம்.டி. இடமோ டி.ஓ. இடமோ (இரண்டும் அங்கே மருத்துவர் ஆவதற்கான பட்டங்கள்) கிடைக்காத பிள்ளைக்கு அடுத்து வருகிற அழைப்பு பெரும்பாலும் ஒரு லாப நோக்கு மருத்துவக் கல்லூரியிலிருந்துதான் வரும். கரீபியத் தீவு ஒன்றில் இரண்டு வருடம் வகுப்பு, பிறகு அமெரிக்க மருத்துவமனைகளில் இரண்டு வருடம் ரொட்டேஷன் (துறை துறையாகப் பயிற்சி), முடித்தால் எம்.டி. பட்டம். இந்த வழியாகப் போய் இன்று நல்ல மருத்துவர்களாக வேலை பார்க்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பாதியில் நின்றுபோய், பட்டம் இல்லாமல் கடனோடு மட்டும் வீடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள். ஃபெடரல் மாணவர் கடன் விதிகள் 2026 ஜூலை 1 முதல் மாறிவிட்டன. அதனால் ஏற்கெனவே படித்து முடித்த உறவுக்காரப் பிள்ளைகள் சொல்லும் கணக்கு புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பொருந்தாது. முன்பு முழுச் செலவையும் அரசுக் கடனிலேயே சமாளிக்கலாம். இப்போது ஒரு துண்டு விழும். அந்தத் துண்டு எவ்வளவு, அதற்கு யார் கையெழுத்துப் போடப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கல்லூரியைப் பற்றியே பேச வேண்டும்.

எவையெல்லாம் லாப நோக்குக் கல்லூரிகள்

1910-இல் ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை வந்த பிறகு அமெரிக்க மண்ணில் இருந்த லாப நோக்கு மருத்துவப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, கொலராடோவில் ராக்கி விஸ்டா 2008-இல் முதல் வகுப்பைத் தொடங்கியது. அதன் பின் நியூ மெக்சிகோவின் பர்ரெல், ஐடஹோ ஆஸ்டியோபதிக் கல்லூரி போன்றவை வந்தன. இவை டி.ஓ. பட்டம் தருபவை. தீவுப் பக்கம் கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜஸ், பார்படோஸின் ராஸ், சின்ட் மார்ட்டனின் ஏ.யு.சி., சாபா ஆகியவை பலரும் அறிந்த பெயர்கள்.

இந்த இரண்டு வகையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அமெரிக்காவுக்குள் இருக்கும் கல்லூரிக்கு எல்.சி.எம்.இ. (எம்.டி. கல்லூரிகளுக்கு) அல்லது சி.ஓ.சி.ஏ. (டி.ஓ. கல்லூரிகளுக்கு) அங்கீகாரம் இருக்கும். அங்கே படித்தவர் ரெசிடென்சிக்கு (பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் சம்பளத்தோடு பெறும் பயிற்சி) விண்ணப்பிக்கும்போது அமெரிக்கப் பட்டதாரி. தீவுக் கல்லூரியில் படித்தவர் அமெரிக்கக் குடிமகனாகவே இருந்தாலும் வெளிநாட்டுப் பட்டதாரிதான். ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் தேசிய முறையான மேட்சில், 2025-இல் அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கும், டி.ஓ. மாணவர்களில் 92.6 சதவீதம் பேருக்கும் முதலாண்டு இடம் கிடைத்தது. வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களுக்குக் கிடைத்தது 67.8 சதவீதம். கடைசி வரை வந்து, விரும்பும் இடங்களின் ரேங்க் பட்டியல் கொடுத்தவர்களை மட்டும் எண்ணிச் சொன்ன கணக்கு இது. முதல் வருடத்திலேயே நின்றவர்களும் ஸ்டெப் 1 (மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டம்) எழுத முடியாமல் போனவர்களும் இதில் வரவே மாட்டார்கள். வங்கியில் கையெழுத்துப் போடப் போகிறவர் மனதில் இருக்க வேண்டிய எண் 67.8 அல்ல, அதைவிடக் குறைவானது.

ஃபெடரல் கடன் உண்டா என்று முதலில் பாருங்கள்

கல்லூரியின் விளம்பரத்தில் "நிதி உதவி உண்டு" என்று இருப்பதை நம்பி உட்காராதீர்கள். ஃபாஃப்ஸா (ஃபெடரல் நிதி உதவி விண்ணப்பம்) படிவத்தின் கல்லூரித் தேடலில் அந்தப் பெயர் வருகிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். வராவிட்டால் அங்கே ஃபெடரல் கடன் கிடையாது. வந்தாலும், மருத்துவப் பட்டப் படிப்புக்குக் கடன் உண்டா, கல்லூரியின் அனைத்து வளாகங்களுக்கும் உண்டா என்று நிதி உதவி அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் சேராது.

வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஃபெடரல் கடன் தர இரண்டு முக்கிய நிபந்தனைகள் உண்டு. மாணவர்களிலும் பட்டதாரிகளிலும் குறைந்தது 60 சதவீதம் பேர் அமெரிக்கர் அல்லாதவர்களாக இருக்க வேண்டும். யு.எஸ்.எம்.எல்.இ. எனும் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகளில் 75 சதவீதம் தேர்ச்சி இருக்க வேண்டும். 1992 ஜனவரி 1-க்கு முன்பே ஒரு மாநிலத்தின் மருத்துவப் பயிற்சி ஒப்புதலைப் பெற்றிருந்த செயின்ட் ஜார்ஜஸ், ராஸ், ஏ.யு.சி. போன்ற பழைய கல்லூரிகளுக்கு முதல் நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. இரண்டாவதிலிருந்து விலக்கு இல்லை. இந்த 75 சதவீதத்தை நினைவில் வையுங்கள். மாணவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம், பின்னால் வருகிறது.

அமெரிக்காவுக்குள் புதிதாகத் தொடங்கும் லாப நோக்குக் கல்லூரியில் வேறொரு சிக்கல். இரண்டு வருடம் தொடர்ந்து பாடம் நடத்திய பிறகுதான் அப்படிப்பட்ட நிறுவனம் ஃபெடரல் உதவித் திட்டத்தில் சேரவே முடியும். முதல் இரண்டு பேட்ச் மாணவர்கள் தனியார் கடனில்தான் தொடங்க வேண்டியிருக்கும். ஃபெடரல் திட்டத்தில் எப்போது சேரப் போகிறீர்கள் என்று கேளுங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்ற பதிலை "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். ஃபெடரல் கடன் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும், இன்னும் சில குறிப்பிட்ட பிரிவினருக்கும்தான். எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளை இங்கேயே பள்ளி, கல்லூரி முடித்திருந்தாலும் தகுதி இல்லை. அவர்களுக்கு முழுத் தொகையும் தனியார் கடனோ கைப்பணமோதான். தனியார் கடனுக்கும் பெரும்பாலும் குடிமகனோ நிரந்தரக் குடியுரிமை உள்ளவரோ கோ-சைனராக (கடனுக்குச் சேர்ந்து கையெழுத்திடுபவராக) வர வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்

புதிதாகச் சேரும் எம்.டி., டி.ஓ. மாணவருக்கு ஃபெடரல் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர். இளங்கலைக் கடனையும் சேர்த்து வாழ்நாள் உச்சவரம்பு 2,57,500 டாலர். முழுச் செலவையும் ஈடுகட்டிக்கொண்டிருந்த கிராட் பிளஸ் கடன் புதியவர்களுக்கு இல்லை. 2026 ஜூலை 1-க்கு முன்பே அதே படிப்பில் இருந்து ஃபெடரல் கடன் வாங்கியவர்களுக்கு மட்டும் பழைய விதி அதிகபட்சம் மூன்று வருடம், அல்லது படிப்பில் மீதமிருக்கும் காலம், இரண்டில் எது குறைவோ அதுவரை தொடரும். நடுவில் வேறு கல்லூரிக்கு மாறினால் அந்தச் சலுகை போய்விடும்.

பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் இதற்கு உதவாது. அது இளங்கலை மாணவர்களின் பெற்றோருக்கு மட்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்று, மதிப்பெண்ணைத் தூக்கிவிட ஒரு வருட மாஸ்டர்ஸ் படிப்பில் சேர்த்துவிடுவார்கள். சில லாப நோக்குக் கல்லூரிகளே அப்படி ஒரு படிப்பை நடத்தி, முடித்தால் எம்.டி.யில் இடம் என்று சொல்வதுண்டு. அந்த மாஸ்டர்ஸுக்கு வாங்கிய ஃபெடரல் கடன் 2 லட்சம் வரம்பில் கழியும். அங்கே 20,000 வாங்கியிருந்தால் மருத்துவப் படிப்புக்கு மீதம் 1,80,000தான். நான்காம் வருடத்துக்கு 50,000 இருக்காது, 30,000தான் மிஞ்சும்.

ஒரே ஒரு செமஸ்டரை மறுபடி படிக்க நேர்ந்தாலும் இதே கதி. வரம்பு நான்கு வருடக் கணக்கில் போடப்பட்டது. தீவுக் கல்லூரிகளில் ஒரு பருவத்தைத் திரும்பப் படிப்பது அபூர்வமான விஷயம் இல்லை. அதனால் நான்கரை வருடம் என்று வைத்தே பட்ஜெட் போடுங்கள்.

துண்டைக் கணக்கிடும் விதம்

கல்லூரியிடமிருந்து நான்கு வருடத்துக்குமான காஸ்ட் ஆஃப் அட்டெண்டன்ஸ் (டியூஷன், தங்குமிடம் எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவு) பட்டியலை வாங்குங்கள். ஒரு வருடத்தது போதாது. தீவில் இருக்கும் வருடங்களில் விமானக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் கூடும். ரொட்டேஷன் வருடங்களில் டியூஷன் கூடும், ஆறு வாரத்துக்கு ஒரு ஊர் என்று அலைய நேர்ந்தால் இரட்டை வாடகையும் சேரும். டியூஷன் ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் ஏறியது என்று கடந்த ஐந்து வருட எண்களைக் கேளுங்கள். பட்டியலில் பெரும்பாலும் இல்லாத ஒன்று, ரெசிடென்சி விண்ணப்பச் செலவு. தீவுக் கல்லூரி மாணவர்கள் நூறு புரோகிராம்களுக்கு மேல் விண்ணப்பிப்பது சாதாரணம். 2025 சீசன் கட்டணப்படி முதல் 30-க்கு தலா 11 டாலர், அதற்கு மேல் தலா 30 டாலர். நூறுக்கு 2,430 டாலர் ஆகிறது. இரண்டாவது துறைக்கும் போட்டால் அதற்குத் தனி.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். வருடச் செலவு சராசரி 90,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபெடரல் கடன் 50,000. துண்டு 40,000. நான்கு வருடத்தில் ஃபெடரல் 2 லட்சம், துண்டு 1,60,000.

ஃபெடரல் கடனுக்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். 2025-26-இல் வழங்கிய கடன்களுக்கு வட்டி 7.94 சதவீதம். ஒவ்வொரு ஆண்டும் புதுக் கடனுக்குப் புது விகிதம் வரும், ஆனால் வாங்கிய கடனின் விகிதம் கடைசி வரை மாறாது. 50,000-க்கு வருட வட்டி 3,970. முதல் வருடக் கடனுக்கு நான்கு வருட வட்டி, இரண்டாம் வருடக் கடனுக்கு மூன்று என்று கூட்டினால் 39,700. பட்டம் வாங்கும் அன்று ஃபெடரல் பக்கம் சுமார் 2,39,700 டாலர் நிற்கும். பணம் வரும்போதே 1.057 சதவீதம் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 50,000 வாங்கினால் கைக்கு வருவது 49,470 சொச்சம்.

துண்டுக்குத் தனியார் கடன் 12 சதவீதத்தில் வாங்கினால் அதே கணக்கில் 48,000 வட்டி ஏறி 2,08,000 ஆகும். வட்டியை அசலில் சேர்க்கும் ஒப்பந்தமாக இருந்தால் இன்னும் கூடும். இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 4,48,000 டாலர்.

இதில் முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒரே கடன் என்று நினைக்கக் கூடாது. ரெசிடென்சி முதல் வருடத்தில் சம்பளம் 60 முதல் 70 ஆயிரம் டாலர் வாக்கில் இருக்கும். 65,000 என்று வையுங்கள். புதிய ஃபெடரல் கடன்களுக்கான ரேப் என்ற, வருமானத்துக்கு ஏற்பத் தவணை கட்டும் திட்டத்தில் அந்த வருமானத்துக்கு 6 சதவீதம், அதாவது மாதம் 325 டாலர் கட்டினால் போதும். வட்டி மட்டுமே மாதம் 1,300 டாலருக்கு மேல் ஏறும். ஆனால் தவணையைத் தவறாமல் கட்டினால், தவணைக்கு அடங்காத அந்த மாத வட்டியைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். தனியார் கடன் 2,08,000-ஐ 15 வருடத்தில் கட்ட மாதம் 2,500 டாலர் வேண்டும். 65,000 சம்பளத்தில் வரி போகக் கைக்கு வருவதில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். வருமானத்துக்கு ஏற்ற தவணை, மன்னிப்பு எதுவும் அங்கே இல்லை. இதனால்தான், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது மொத்தச் செலவைவிடத் துண்டின் அளவையே பார்க்கச் சொல்கிறோம். வருடம் 65,000 ஆகிற கல்லூரிக்கும் 90,000 ஆகிற கல்லூரிக்கும் காகிதத்தில் வித்தியாசம் 25,000. துண்டில் பார்த்தால் 15,000-க்கும் 40,000-க்கும் உள்ள வித்தியாசம்.

துண்டை நிரப்புவது எப்படி

முதலில் திருப்பித் தர வேண்டாத பணம். தீவுக் கல்லூரிகள் முதல் பருவத்துக்கு உதவித்தொகை என்று ஒரு தொகையைத் தள்ளுபடி செய்து கூப்பிடும். அது ஒரு பருவத்துக்கா, முழுப் படிப்புக்கா? எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிற்கும்? இடையில் விலகினால் திருப்பிக் கேட்பார்களா? கடைசிக் கேள்விக்குப் பல ஒப்பந்தங்களில் "ஆம்" என்று இருக்கும்.

தேசிய சுகாதார சேவைப் படையின் உதவித்தொகையும் ராணுவத்தின் எச்.பி.எஸ்.பி. உதவித்தொகைத் திட்டமும் முழு டியூஷனோடு மாதச் செலவுக்கும் தரும், பதிலுக்குச் சில வருட சேவை கேட்கும். இரண்டும் அமெரிக்க, போர்ட்டோ ரிக்கோ கல்லூரிகளில் படிக்கும் குடிமக்களுக்கு. அமெரிக்காவுக்குள் உள்ள அங்கீகாரம் பெற்ற லாப நோக்குக் கல்லூரியில் படிப்பவர் விண்ணப்பிக்கலாம், கரீபியனில் படிப்பவர் விண்ணப்பிக்க முடியாது. ஒரு டி.ஓ. இடமும் ஒரு தீவு எம்.டி. இடமும் கையில் இருந்து, எம்.டி. என்ற எழுத்துக்காகத் தீவைத் தேர்ந்தெடுக்கத் தோன்றினால், இந்தப் பணத்தையும் மேலே சொன்ன மேட்ச் விகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். டி.ஓ.வும் முழு உரிமம் பெற்ற மருத்துவர்தான்.

அடுத்து குடும்பப் பணம். கைப்பணம் இருந்தால் அதை எந்த வருடத்தில் செலவிடுவது என்பதில் இரண்டு வாதம் உண்டு. முதல் வருடத்தில் ஃபெடரல் கடனை முழுதாக எடுத்து, கைப்பணத்தைப் பிந்தைய வருடங்களின் துண்டுக்கு வையுங்கள் என்பது ஒரு வாதம். முதல் வருடத்தில்தான் பிள்ளை விலகும் அபாயம் அதிகம், அப்போது தனியார் கடன் தலையில் இல்லாமல் இருப்பது நல்லது என்பது மறுபக்க வாதம். எங்கள் பார்வையில் இரண்டாவதே சரி. முதல் வருடத்துக்கு ஃபெடரல் கடனும் கைப்பணமும். தனியார் கடன் தேவைப்பட்டால் பிள்ளை முதல் வருடத்தைத் தாண்டிய பிறகு. 401கே-யில் கைவைப்பதும் வீட்டை அடமானம் வைத்து ஹெலாக் எடுப்பதும் வேண்டாம். பிள்ளை மேட்ச் ஆகாவிட்டால் போவது ஓய்வுக்காலப் பணமும் குடியிருக்கும் வீடும்.

கடைசியில்தான் தனியார் கடன். பல கடன் நிறுவனங்கள் வெளிநாட்டுக் கல்லூரிக்குக் கடனே தருவதில்லை, ஆகவே டெபாசிட் கட்டும் முன் குறைந்தது மூன்று இடங்களில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வட்டி நிலையானதா மாறுவதா என்பதை எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் இவற்றையும் கேளுங்கள்: ரெசிடென்சி காலத்தில் தவணையைத் தள்ளிவைக்கலாமா, எத்தனை மாதம்? அப்போது ஏறும் வட்டி அசலில் சேருமா? எத்தனை தவணைக்குப் பிறகு கோ-சைனரை விடுவிப்பார்கள், அப்படி விடுவிக்க மாணவருக்கு என்ன வருமானம் இருக்க வேண்டும்? மாணவர் படிப்பை நிறுத்தினால் எத்தனை மாதத்தில் தவணை தொடங்கும்? மாணவர் இறந்தால் கோ-சைனரை விடுவிக்க வேண்டும் என்பது 2018 நவம்பருக்குப் பிந்தைய தனியார் கல்விக் கடன்களுக்குச் சட்டம். நிரந்தர ஊனத்துக்கு அப்படிச் சட்டம் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கோ-சைன் போடுகிற அப்பாவோ அம்மாவோ சித்தப்பாவோ வெறும் சாட்சி இல்லை. முழுக் கடனுக்கும் அவர்தான் இரண்டாவது கடனாளி. அவருடைய கிரெடிட் ரிப்போர்ட்டில் முழுத் தொகையும் ஏறும். வீட்டுக் கடனை மாற்றப் போகும்போது அது குறுக்கே நிற்கும்.

பணம் வாங்கும் வரிசை

1. மாணவர் பெயரில் எஃப்.எஸ்.ஏ. ஐ.டி. (ஃபெடரல் மாணவர் உதவித் தளத்தின் கணக்கு) திறந்து ஃபாஃப்ஸாவை நிரப்புங்கள். ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் புதிதாக நிரப்ப வேண்டும். மருத்துவ மாணவர் தனித்த நபராகவே கணக்கிடப்படுவதால் இந்தக் கடனுக்குப் பெற்றோர் வருமானம் தேவையில்லை.

2. நுழைவு ஆலோசனையை முடித்து, மாஸ்டர் பிராமிசரி நோட் என்ற கடன் ஒப்பந்தத்தில் மாணவர் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டுக் கல்லூரிக்கு இந்த வேலை மெதுவாக நகரும். வகுப்பு தொடங்க மூன்று மாதம் முன்பே முடியுங்கள்.

3. கல்லூரி தரும் நிதி உதவிக் கடிதத்தில் ஒவ்வொரு பருவத்துக்கும் பிரித்த தொகை இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு மூன்று பருவம் நடத்தும் கல்லூரியில் 50,000 எந்தப் பன்னிரண்டு மாதத்துக்கு, எத்தனை பருவத்துக்கு என்று கேட்டே ஆக வேண்டும். இரண்டு பருவத்தில் தீர்ந்து மூன்றாவதுக்குப் பணமில்லாமல் நிற்பது இங்கேதான் நடக்கும்.

4. டியூஷன் கழிந்த மீதி மாணவர் கணக்குக்கு வர வகுப்பு தொடங்கிச் சில வாரம் ஆகலாம். வாடகை, முன்பணம், விமானச் சீட்டு, சாப்பாடு என்று இரண்டு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

எண்களை எப்படிக் கேட்பது

2022 ஏப்ரலில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.சி., செயின்ட் ஜேம்ஸ் என்ற கரீபியக் கல்லூரியின் மீது நடவடிக்கை எடுத்தது. ஸ்டெப் 1 முதல் முறைத் தேர்ச்சி 96.77 சதவீதம் என்று அது விளம்பரம் செய்தது. 2017 முதல் தேவையான பாடங்களை முடித்தவர்களில் 35 சதவீதம் பேர்தான் தேறியிருந்தார்கள் என்று எஃப்.டி.சி. சொன்னது. திருப்பித் தரவும் கடனை ரத்து செய்யவும் 12 லட்சம் டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. இரண்டு எண்ணுக்கும் நடுவே இவ்வளவு தூரம் வருவது வகுக்கும் எண்ணில், அதாவது யாரை எண்ணுகிறார்கள் என்பதில். தேர்வு எழுத அனுமதிக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணினால் எந்தக் கல்லூரியும் தொண்ணூறைத் தாண்டும்.

எனவே சேர்க்கை அலுவலரிடம் தேர்ச்சி விகிதம் கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: ஆறு வருடம் முன்பு ஒரே பருவத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் நான்கு வருடத்தில் முடித்தவர்கள் எத்தனை, ஐந்தில் எத்தனை? முழு ரெசிடென்சியில் சேர்ந்தவர்கள் எத்தனை, ஒரு வருட பிரிலிமினரி இடத்தில் மட்டும் சேர்ந்தவர்கள் எத்தனை? பிரிலிமினரி இடத்தையும் "கிடைத்துவிட்டது" என்று எண்ணிக்கொள்வார்கள். அந்த வருடம் முடிந்ததும் மறுபடி தேட வேண்டும். எழுத்தில் பதில் தர மறுக்கும் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டாம்.

ஸ்டெப் 1 வாசலில் நிற்பவர்கள்

முன்பு சொன்ன 75 சதவீதம் இங்கே வருகிறது. தேர்ச்சி குறைந்தால் ஃபெடரல் கடனே நின்றுபோகும் என்பதால், தேறமாட்டார் என்று தோன்றும் மாணவரைக் கல்லூரி தேர்வுக்கு அனுப்புவதில்லை. முதலில் என்.பி.எம்.இ. (மருத்துவத் தேர்வுகளைத் தயாரிக்கும் அமைப்பு) நடத்தும் சி.பி.எஸ்.இ. என்ற மாதிரித் தேர்வில் கல்லூரி வைத்த மதிப்பெண்ணை எடுக்க வேண்டும். அதை எடுக்கும் வரை மாணவர் எல்லாப் பாடமும் முடித்தவர், ஆனால் ரொட்டேஷனுக்குப் போக முடியாதவர்.

பணக் கணக்கில் இது மிகக் கொடிய இடம். அதுவரை ஒரு லட்சம் டாலர் போல ஃபெடரல் கடன் ஏறியிருக்கும். பதிவு அரைநேரத்துக்குக் கீழே போனால் ஆறு மாதச் சலுகைக் காலம் ஓடத் தொடங்கும், அது முடிந்தால் தவணை வரும். புதிய கடன் வராது, வாடகை மட்டும் நிற்காது. சேரும் முன்பே கையேட்டில் தேடுங்கள்: வேண்டிய மதிப்பெண் என்ன, எத்தனை முயற்சி, எத்தனை மாதக் கெடு, காத்திருக்கும் பருவத்துக்குக் கட்டணம் உண்டா, அப்போது மாணவர் பதிவு எந்த நிலையில் இருக்கும். இந்த ஐந்துக்கும் விடை தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஆறு மாத வாழ்க்கைச் செலவை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். யு.எஸ்.எம்.எல்.இ.யின் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் நான்கு முயற்சிதான். ஸ்டெப் 1 இப்போது தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே என்றாலும், ஒரு தோல்வி இருந்தாலே பல ரெசிடென்சி புரோகிராம்கள் விண்ணப்பத்தைத் திறந்து பார்ப்பதில்லை. அவசரப்பட்டு எழுதித் தோற்பதைவிட மூன்று மாதம் தாமதித்து எழுதுவது மலிவு.

விலகுவது என்று முடிவானால் தேதியைப் பார்த்து விலகுங்கள். பருவத்தின் 60 சதவீதம் கடக்கும் முன் நின்றால், அந்தப் பருவத்துக்கு வந்த ஃபெடரல் பணத்தில் ஒரு பகுதியைக் கல்லூரி அரசுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் டியூஷனைக் கல்லூரி விட்டுக்கொடுக்காது; திருப்பி அனுப்பிய தொகையை உடனே கட்டச் சொல்லி மாணவருக்கு பில் அனுப்பும். கல்லூரியின் ரீஃபண்ட் அட்டவணையையும் இந்த 60 சதவீதத் தேதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிதி உதவி அலுவலகத்தில் இரண்டு தேதிகளுக்கும் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

படிக்கும்போது கல்லூரியே மூடினால் ஃபெடரல் கடனை ரத்து செய்யக் கேட்கலாம். பொய் விளம்பரத்தால் ஏமாந்திருந்தால் அதற்கும் தனி மனு உண்டு. இரண்டுக்கும் சான்று வேண்டும். சேர்க்கைக்கு முன் வந்த கையேடு, மின்னஞ்சல், தளத்தின் பக்கங்கள் எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆகச் சேமித்து வைப்பது இதற்காகத்தான்.

திருப்பிக் கட்டும்போது

புதிய ஃபெடரல் கடனுக்கு இரண்டே வழி. ஒன்று நிலையான தவணை. ஒரு லட்சத்துக்கு மேல் கடன் என்றால் 25 வருடம். நம் உதாரணத்தின் 2,39,700-க்கு மாதம் சுமார் 1,840 டாலர். இன்னொன்று ரேப். வருமானம் ஏற ஏற 1 முதல் 10 சதவீதம் வரை, 30 வருடம் கழித்து மீதி தள்ளுபடி. இறுதியாண்டில் வருமானமே இல்லாவிட்டாலும் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்துவிடுங்கள். பூஜ்ஜிய வருமானக் கணக்கு கையில் இருந்தால் ரெசிடென்சியின் தொடக்க மாதங்களுக்கு மாதம் 10 டாலர் தவணையோடு தொடங்கலாம்.

பொதுச் சேவைக் கடன் மன்னிப்பில் 120 தவணை முடிந்தால் மீதி ஃபெடரல் கடன் போய்விடும். படித்த கல்லூரி லாப நோக்குடையது என்பது இதற்குத் தடையில்லை. வேலை செய்யும் மருத்துவமனை லாப நோக்கற்றதா என்பதே கேள்வி. ரெசிடென்சி வருடங்களும் சேரும். மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் வரி எண்ணைப் போட்டுத் தகுதியைச் சரிபாருங்கள்; சில இடங்களில் மருத்துவமனை லாப நோக்கற்றது, சம்பளம் தருவது வேறொரு லாப நோக்கு நிறுவனம். வேலைச் சான்றுப் படிவத்தை ஆண்டுக்கு ஒரு முறை அனுப்புங்கள். பத்து வருடம் கழித்து மொத்தமாக அனுப்பப் போய்த்தான் பலருக்கு வருடங்கள் விடுபடுகின்றன.

இந்தியா திரும்பி மருத்துவம் பார்க்கலாம் என்று மாற்றுத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள், 54 மாதப் படிப்பையும் 12 மாத இன்டர்ன்ஷிப்பையும் ஒரே வெளிநாட்டுக் கல்வி நிறுவனத்திலேயே முடித்திருக்க வேண்டும் என்கின்றன. தீவில் பாதி, அமெரிக்க மருத்துவமனைகளில் மீதி என்ற அமைப்பு இதற்குள் அடங்காது. அந்த மாற்றுத் திட்டத்தை நம்பி கோ-சைன் போடாதீர்கள்.